கூரை அளக்க வந்தவர்

படலையில் வந்து நின்றவன் ஆளைக் கூப்பிடவில்லை. முதலில் கூரையைத்தான் பார்த்தான். மோட்டர்சைக்கிளை வேலிக்கரையில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, முகட்டின் இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கல் வரைக்கும் கண்ணாலேயே போய்வந்தான். கிணற்றடியில் வாளியோடு நின்ற ஞானேஸ்வரி அதைக் கண்டுவிட்டாள். வீட்டுக்கு வருகிற ஆள் வீட்டுக்காரரைத் தேடாமல் வீட்டை ஏன் இப்படிப் பார்க்கவேண்டும்?

"ஆர் அது?"

"வணக்கம் அம்மா. கூரை அளக்க வந்தேன்."

ஞானேஸ்வரி வாளியை வைத்துவிட்டுப் படலைக்கு வந்தாள். திறக்கவில்லை. ஆளுக்கு நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். சேர்ட் பொக்கற்றில் பேனை. இடுப்பில் அளக்கிற ரேப் ஒன்று. முகத்தில் பெரிய களவு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் முகத்தில் களவு தெரிகிற ஆட்களை யாரும் அனுப்புவதில்லை என்பதை அவள் எப்போதோ படித்துக்கொண்டவள்.

"நான் ஒருத்தரையும் கூரை அளக்கச் சொல்லிக் கேக்கேல்லையே."

"நீங்க கேக்கல்ல அம்மா. ஒரு உதவியா செய்யச் சொல்லியிருக்காங்க. பழசைக் கழட்டிட்டுப் புதுசாப் போட்டுத் தரணும். எவ்வளவு மரம், எத்தனை தகரச் சீற் வேணும் எண்டு பாக்கத்தான் அளவு."

"ஆர் சொன்னது?"

அவன் ஹெல்மெட்டை மற்றக் கைக்கு மாற்றினான். "பேர் சொல்லவேணாம் எண்டு சொன்னாங்க. தெரிஞ்ச ஆக்கள்தான்."

பேர் சொல்ல விரும்பாத ஆட்களை ஞானேஸ்வரிக்கு நிறையத் தெரியும். யுத்தம் முடிந்து முகாமுக்குப் போகிற வழியில் அவளுடைய ஒரே மகன் தவசீலனைப் பஸ்ஸில் இருந்து இறக்கிக்கொண்டு போனவர்களும் பேர் சொல்லவில்லை. விசாரித்துவிட்டு விடுவோம் என்றுதான் சொன்னார்கள். அன்றிலிருந்து தேடுகிறாள். முகாமில் நோயில் கிடந்து செத்துப்போன புருசனுக்கு அழுதாள். மகனுக்கு அழவில்லை, தேடினாள். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டக் கொட்டில் போட்டு இருக்கத் தொடங்கிய நாளில் இருந்து, ஸ்கந்தபுரத்தில் பஸ் ஏறி, மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கே போய் இருக்கிறாள். அதற்குப் பிறகுதான் அவளுடைய வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவன் வாக்காளர் பதிவு என்று வந்தான். போன மாரிக்கு ஒருவன் டெங்கு பார்க்க வந்தேன் என்றான். தண்ணீர்த் தொட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கிளிநொச்சிக்கு யாரோடு போறனீங்கள், அங்கே யார் யார் கதைக்கிறவை என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

இப்போது கூரை.

"மலர்! மலர், ஒருக்கா வா!" என்று பக்கத்து வேலியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். தனியாக நின்று யாரோடும் கதைப்பதில்லை என்பது கொட்டிலில் எல்லாரும் பேசி வைத்துக்கொண்ட விசயம்.

நேசமலர் கையைச் சேலையில் துடைத்தபடி, வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் வந்தாள். அவள் எதையும் பயந்து பார்க்கிற ஆள் இல்லை. விசயத்தைக் கேட்டதும், "அளக்கட்டும் அக்கா. அளந்தாப்போல கூரை கழண்டு போயிடுமோ? உங்கட கூரை இந்த மாரி தாங்காது, பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள்.

அது உண்மைதான். வீட்டுத்திட்டத்தில் கட்டின வீடு. சுவர் நல்ல கல்லு. மரம்தான் பச்சை மரமாக வந்து சேர்ந்தது. இப்போது கைமரத்தில் கறையான் ஏறி, ஓடுகள் இடம் பெயர்ந்து, நடு முகடு மாட்டின் முதுகு மாதிரிப் பதிந்துவிட்டது.

ஞானேஸ்வரி படலையைத் திறந்தாள். "வெளியில நிண்டு அளந்துகொள்ளும்."

அவன் சுவரோடு ரேப்பை இழுத்துக்கொண்டு போனான். அவள் பின்னாலேயே போனாள். ரேப்பின் நுனி எங்கே போகிறதோ அங்கே அவளுடைய கண்ணும் போனது. வீட்டின் நீளமும் அகலமும் எடுத்து முடித்ததும், "இனிப் போதும்தானே" என்றாள்.

"இல்லையம்மா. கூரை சுவரைவிட வெளியால நிக்குது. பிறகு சாய்வு இருக்கு. நிலத்தில அளந்த கணக்கில சீற் வெட்டினா, கட்டையாப் போயிடும். மேல ஏறி, முகட்டில இருந்து தாழ்வாரம் வரைக்கும் எடுக்கணும். ஏணி ஒண்டு வேணும்."

"ஏணி இல்லை" என்றாள் ஞானேஸ்வரி.

"குசினிக்குப் பின்பக்கம் கட்டியிருக்குமே…" என்றவன் அப்படியே வாயை மூடிக்கொண்டான்.

ஞானேஸ்வரி அவனுக்குக் குறுக்கே வந்து நின்றாள். குசினியின் பின்சுவரில், தாழ்வாரத்தின் கீழே, ஏணி படுக்கையாகக் கட்டித் தொங்குவது ரோட்டில் இருந்து தெரியாது. முற்றத்தில் நின்றாலும் தெரியாது.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"எல்லா வீட்டிலயும் அங்கதான் அம்மா வைப்பாங்க."

"எல்லா வீட்டிலயுமோ? மலர், உன்ர வீட்டில எங்க கிடக்கு?"

"என்னட்ட ஏணியே இல்லை அக்கா. உங்கடயைத்தானே எடுக்கிறனான்" என்றாள் நேசமலர். அவளுக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை.

ஞானேஸ்வரி மேலே கேட்பதற்குள் அவன் ஏணியை எடுத்துவந்து சாத்தி ஏறினான். ஓடுகளில் பாரம் வைக்காமல், சுவருக்கு மேலாகக் காலை வைத்துப் போகத் தெரிந்திருந்தது. முகட்டில் குந்தி இருந்து ரேப்பைக் கீழே விட்டான். இரண்டு ஓடுகளைக் கழற்றிவிட்டு, கைமரத்தைப் பேனைக்கத்தியால் குத்திப் பார்த்தான். உழுத்துப்போன மரத்தூள் கீழே நின்ற நேசமலரின் தலையில் கொட்டியது. பிறகு போனை எடுத்து உள்ளே நீட்டிப் படம் எடுத்தான்.

"இறங்கும்! எதைப் படம் எடுத்தனீர்? காட்டும்!"

அவன் இறங்கி வந்து போனை நீட்டினான். கறையான் அரித்த மரம். ஓடு தாங்குகிற சிலாகை. உடைந்த ஓடு. அவள் விரலால் மற்றப் பக்கம் தள்ளினாள். கொட்டிலுக்கு வருகிற கௌசலா அவளுக்குப் போனில் படம் பார்க்கப் பழக்கியிருந்தாள். அடுத்த படத்தில் ஏதோ சிவப்புத் துணி தெரியத் தொடங்க, அவன் போனைப் பட்டென்று இழுத்துக்கொண்டான்.

"அது வேற படம் அம்மா."

"என்ன வேற படம்?"

"வீட்டுப் படம்."

முகம் கறுத்துப்போனது அவனுக்கு. ஞானேஸ்வரி அதை மனத்தில் குறித்துக்கொண்டாள். எந்த வீட்டுப் படம்? யாருடைய வீட்டுப் படம்? இதற்கு முன்னம் எத்தனை வீட்டில் இப்படிக் கூரை அளந்தானோ?

கடைசியாக, குறுக்குச் சுவர்கள் எங்கே வருகின்றன என்று பார்க்க உள்ளே வரவேண்டும் என்றான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். முன்னறையில் தவசீலனின் படம் இருந்தது. பெரிதாக்கின படம். கலியாணத்துக்குக் கொஞ்சம் முன்னம் எடுத்தது, மீசை சரியாக முளைக்காத முகம். பூ வைக்கவில்லை, விளக்கு வைக்கவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு ஏன் வைக்கவேண்டும்?

அவன் ரேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்துக்கு முன்னால் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். வந்துபோன எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள்தான். பார்த்த உடனே கேள்வி கேட்பார்கள். இவன் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"என்ன பாக்கிறீர்?"

"ஒண்டும் இல்லையம்மா."

வேலை முடிந்து போகிறபோது குடிக்கத் தண்ணீர் கேட்டான். அவள் கொடுத்தாள். தண்ணீர் கேட்டவனுக்கு இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இருக்கச் சொல்லவில்லை, தேத்தண்ணி ஊற்றவில்லை. "சாமானோட வாறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு அவன் மோட்டர்சைக்கிளை எடுத்தான்.

"நல்ல பெடியன் மாதிரித்தான் கிடக்கு" என்றாள் நேசமலர், தலையில் கிடந்த தூளைத் தட்டியபடி.

"அவன்ர கதையைக் கவனிச்சனியோ? எங்களை மாதிரி வந்தனான் எண்டு இல்லாம, வந்தேன், வாறேன் எண்டு கதைக்கிறான். இந்தப் பக்கத்து ஆள் இல்லை."

"செட்டிகுளம் பக்கத்தில மலைநாட்டில இருந்து வந்த சனம் அப்பிடித்தான் அக்கா கதைக்கிறது."

"உனக்கு எல்லாம் தெரியுது" என்றாள் ஞானேஸ்வரி.

அடுத்த நாளே கிராம சேவகரிடம் போனாள். எங்களுக்கு அப்படி ஒரு திட்டமும் வரவில்லை, பிரதேச செயலகத்தில் இருந்தும் ஒருவரும் அனுப்பவில்லை என்றார். பிறகு கிளிநொச்சிக்குப் போய்க் கொட்டிலில் இருந்தவர்களிடம் சொன்னாள். கௌசலா கதையை முழுக்கக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அவளுடைய தம்பியும் காணாமல் போனவன்.

"சும்மா ஆரக்கா கூரை போட்டுத் தருவினம்? முதல்ல கூரை வரும். பிறகு, மகனுக்கு மரண சான்றிதழ் எடுங்கோ எண்டு வருவினம். அதுக்குப் பிறகு, இஞ்ச ஏன் வந்து இருக்கிறியள் எண்டு கேப்பினம். கவனமா இருங்கோ."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஞானேஸ்வரி முடிவு எடுத்துவிட்டாள். கூரை வேண்டாம். நனைந்தால் நனையட்டும்.

ஆனால் அந்த ஏணி அவளை விடவில்லை. யார் சொல்லியிருப்பார்கள்? ஏணி இருக்கிற இடம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி, மாங்காய் பிடுங்க அடிக்கடி அதை இரவல் வாங்குகிற நேசமலர். மற்றவள் மருமகள் சுகந்தினி. அவள் போய்ப் பல வருசம். யுத்தத்துக்குள்ளே அவசரமாகக் கலியாணம் செய்துவைத்த பெட்டை, தவசீலன் காணாமல் போகும்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. முகாமிலும், பிறகு இந்தக் காணியைத் துப்பரவாக்கியபோதும், வீடு கட்டச் சீமெந்து குழைத்தபோதும் மாமியோடுதான் நின்றாள். பிறகு வவுனியாவில் தையல் தொழிற்சாலையில் வேலைக்குப் போனாள். ஒருநாள் வந்து, தன்னை ஒருவர் கேட்கிறார் என்றாள். "நீ இன்னொருத்தனைக் கட்டினா, என்ர பிள்ளை செத்திட்டான் எண்டு நீயே சொல்லுற மாதிரி. கட்டு. ஆனா அதுக்குப் பிறகு இந்தப் படலைக்குள்ள வராத" என்றாள் ஞானேஸ்வரி. சுகந்தினி வரவில்லை. அவளுடைய பேரை வீட்டில் யாரும் எடுக்க ஞானேஸ்வரி விடுவதில்லை. ஆகவே அவளை யோசிக்கவும் இல்லை. மிஞ்சினது நேசமலர்தான்.

பின்னேரம் வேலிக்கரையில் நேசமலர் முருங்கைக்காய் கொண்டுவந்து நீட்டினாள். ஞானேஸ்வரி வாங்கவில்லை.

"மலர், ஏணி கிடக்கிற இடத்தை அவனுக்கு நீதானே சொன்னனி?"

"என்னக்கா கேக்கிறியள்?"

"அவனை அளக்க விடச் சொன்னதும் நீ. அவன் செட்டிகுளம் எண்டு சொன்னதும் நீ. நான் எப்ப போறன், எப்ப வாறன் எண்டு உனக்குத்தான் தெரியும். உன்னட்டையும் வந்து கேட்டிருப்பாங்கள். எவ்வளவு நாளாச் சொல்லுறாய்?"

நேசமலர் நீட்டின கையை இழுத்துக்கொண்டாள். பிறகு, "இடம்பெயர்ந்து போகேக்க உங்கட மனுசனை என்ர சைக்கிளில வைச்சு உருட்டினனான்" என்று மட்டும் சொன்னாள். முருங்கைக்காயை வேலிக்கு மேலே வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வேலிப் பொட்டுக்குள்ளால் அவள் வரவில்லை. இரண்டொரு நாளில் பொட்டுக்குக் குறுக்கே ஒரு பனைமட்டையைச் செருகிவிட்டாள்.

மழை நேரத்தோடு பிடித்துக்கொண்டது. அவன் கழற்றித் திரும்ப வைத்த ஓடுகள் சரியாகப் பொருந்தவில்லையோ, அல்லது வழமையான ஒழுக்குத்தானோ, தண்ணீர் முன்னறைக்கும் வந்தது. ஞானேஸ்வரி மகனின் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தாள். கட்டிலை ஒரு பக்கம் இழுத்தாள், அங்கேயும் ஒழுக, மற்றப் பக்கம் இழுத்தாள். குசினியில் இருந்த சட்டி, பானை எல்லாம் அறைக்குள் வந்தன. முந்தியென்றால் நேசமலர் ஒரு தறப்பாளோடு ஓடி வந்திருப்பாள். கூப்பிட வாய் வரவில்லை.

மழை விட்டு வெயில் எறித்த ஒரு காலையில் லொறி வந்து நின்றது. நிறைய மரம், மேலே நீலநிறச் சீற் அடுக்கு. முன்னால் மோட்டர்சைக்கிளில் அவன். லொறியில் இரண்டு வேலையாட்கள்.

ஞானேஸ்வரி படலைக்குக் குறுக்கே, சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏத்தினதைக் கொண்டு போங்கோ."

"அம்மா, மழை நேரம். மரம் நனைஞ்சிடும்."

"நனையட்டும். என்ர பிள்ளையை வித்து எனக்குக் கூரை வேண்டாம். அனுப்பின ஆக்களிட்டப் போய்ச் சொல்லும். இந்த மனுசி கையெழுத்தும் வைக்காது, கிளிநொச்சிக்குப் போறதையும் விடாது எண்டு சொல்லும்."

அவன் திகைத்துப்போனான். "என்ன கையெழுத்து?"

"தெரியாத மாதிரிக் கேக்கிறீர். டெங்கு பாக்க வந்தவனும் உம்மைப் போலதான் முழிச்சவன்."

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது போல இருந்தது. தன்னை யாராக நினைத்துக்கொண்டு அவள் நிற்கிறாள் என்று. வேலையாட்களைப் பார்த்து, சந்திக் கடையில் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரச் சொன்னான். அவர்கள் போகும் வரைக்கும் பொறுத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நேசமலரின் தலை தெரிந்தது. அவள் கிட்ட வரவில்லை.

"அம்மா, நான் ஒரு இடத்தில இருந்தும் வரல்ல. என் பேர் நிஷாந்தன். வவுனியாவில கூரை வேலைதான் செய்யிறேன்."

"அண்டைக்கு மறைச்ச படத்தைக் காட்டும். பிறகு கதைப்பம்."

அவன் போனைக் கையில் எடுத்தான். உடனே நீட்டவில்லை. "காட்டினா, சொல்லமாட்டேன் எண்டு குடுத்த வாக்கு போயிடும்" என்றான். பிறகு நீட்டினான்.

சிவப்புச் சட்டை போட்ட ஒரு சின்னப் பெட்டை. பக்கத்தில் குந்தி இருந்து அதற்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தவள் கமராவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. அந்தக் குந்துகிற விதமே போதும். முகாமில், தறப்பாளுக்குக் கீழே, ஞானேஸ்வரிக்கும் அவள் இப்படித்தான் குந்தி இருந்து பேன் பார்த்தவள்.

ஞானேஸ்வரி படலையை விடவில்லை.

"நீரோ அவளைக் கட்டினது?"

"ஓம் அம்மா."

"அவளோ உம்மை அனுப்பினது?"

"மழை பெய்யத் தொடங்கினா அவ நித்திரை கொள்ளமாட்டா அம்மா. மாமி இப்ப கட்டிலை எந்தப் பக்கம் இழுத்திருப்பாவோ எண்டு கேட்டுக்கொண்டே இருப்பா. நான் ஊரெல்லாம் கூரை போடுறேன். என்ர வீட்டு ஆள் இப்பிடிக் கேக்கேக்க எனக்கு எப்பிடி இருக்கும்? ஏணி கிடக்கிற இடமும் அவதான் சொன்னது. அண்டைக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன். அவ பேரைச் சொன்னா நீங்க விடமாட்டீங்க எண்டுதான் மறைச்சது."

"என்ர பிள்ளையின்ர படத்தை ஏன் அப்பிடிப் பாத்தனீர்?"

நிஷாந்தன் நிலத்தைப் பார்த்தான். "எங்கட வீட்டில அவர்ட படம் இல்லை. நீங்க ஒண்டும் குடுத்து விடல்ல எண்டு அவ சொன்னா. அவர் எப்பிடி இருப்பார் எண்டு எனக்குத் தெரியாது. ஒருக்காப் பாக்கணும் எண்டு நினைச்சேன்."

இவ்வளவு நாளும் எல்லாரையும் கேட்க நினைத்து, ஒருவரிடமும் கேட்காத ஒரு கேள்வி ஞானேஸ்வரியிடம் இருந்தது. அதை அவள் இப்போது கேட்டாள். காயப்படுத்த வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"அவன் வந்தா? நாளைக்கு என்ர பிள்ளை இந்தப் படலையில வந்து நிண்டா, நீர் என்ன செய்வீர்?"

பொய் சொல்லுகிறவன் என்றால் இதற்கு உடனே ஒரு பதில் வைத்திருப்பான். நிஷாந்தன் லொறியைத் திரும்பிப் பார்த்தான். லொறியில் இருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தெரியாதம்மா" என்றான் கடைசியில். "நாங்க ரெண்டு பேரும் அதை யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறம். கலியாணத்துக்கு முன்னமே அவ அதைக் கேட்டா. அப்பவும் எனக்குப் பதில் தெரியல்ல. ஆனா ஒண்டு அம்மா. அவர் வந்தாலும் நனையாம இருக்க ஒரு வீடு வேணும்தானே."

ஞானேஸ்வரி அவனை வடிவாகப் பார்த்தாள். இந்த மூன்று கிழமையாக அவள் அவனுடைய கையை, கண்ணை, போனை, பேச்சை எல்லாம் மனத்துக்குள் அளந்து அளந்து பார்த்திருந்தாள். ஒரு மனிசனாக இப்போதுதான் பார்த்தாள். மனத்தில் கிடந்த கோபம் போகவில்லை. ஆனால் அது இந்த ஆளில் கொண்டுபோய் வைக்கிற கோபமாக இல்லை.

"சாமானை இறக்கி உள்ளுக்கு வையும்" என்றாள். "ஆனா கூரையில ஒரு ஓட்டிலயும் கை வைக்கக்கூடாது. அவள் வரட்டும். வந்து கேக்கட்டும். தன்ர வாயால கேக்கட்டும்."

சுகந்தினி அடுத்த நாள் பஸ்ஸில் வந்தாள். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, படலைக்கு வெளியே, ரோட்டுக்கரையில் நின்றாள். உடம்பு கொஞ்சம் வைத்திருந்தது. முன்தலையில் நரை தொடங்கியிருந்தது. ஞானேஸ்வரி அதை எதிர்பார்க்கவில்லை. அவளுடைய மனத்தில் சுகந்தினிக்கு வயது போகவே இல்லை, தவசீலனுக்குப் போகாதது போலவே.

"மாமி" என்றாள் சுகந்தினி. கண் உடைந்து ஓடியது. பிள்ளை தாயையும் கிழவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதுவும் அழத் தயாரானது.

"ரோட்டில நிண்டு என்ன அழுகை? சனம் பாக்குது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளுக்கு வா."

"நீங்கள் வரவேண்டாம் எண்டு சொன்னனீங்கள் மாமி."

"சொன்னனான்தான்" என்றாள் ஞானேஸ்வரி. "இப்ப வா எண்டு சொல்லுறன்."

அன்று முழுக்க அவர்கள் இரண்டு பேரும் தவசீலனைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. சமைத்தார்கள். அலுமாரியைத் திறந்த சுகந்தினி உள்ளே படம் கவிழ்ந்து கிடக்கக் கண்டு, அதை எடுத்து ஈரம் துடைத்து, நேராக நிமிர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரம் அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஞானேஸ்வரி குசினியில் இருந்து பார்த்தாள். சுகந்தினியும் ஒருவருக்கும் தெரியாமல் அவனைத் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று அப்போது பட்டது.

"கூரையைக் கழட்டட்டோ மாமி?" என்று சுகந்தினி தன் வாயால் கேட்ட பிறகுதான் வேலை தொடங்கியது. ஓடுகள் இறங்கின, உழுத்த மரம் இறங்கியது. வீடு வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. ஞானேஸ்வரி வேலையாட்களை இன்னும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பழகின பழக்கம் அப்படி விடுகிறதில்லை. நேசமலரிடம் போகவேண்டும் என்று நாளுக்கு நாள் நினைத்தாள். ஒருநாள் வேலிவரைக்கும் போய், "மலர், நான் அண்டைக்குக் கதைச்சது பிழை" என்றாள். நேசமலர் கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், "ஓம், பிழைதான்" என்றாள். அவ்வளவுதான்.

சீற் ஏறத் தொடங்கின அன்று, உச்சி வெயிலுக்குள் ஒரு மோட்டர்சைக்கிள் வந்து படலையில் நின்றது. சப்பாத்துப் போட்ட ஒருவன் இறங்கினான். ஞானேஸ்வரி அவனை முன்னம் கண்டதில்லை. ஆனால் கண்டவள் மாதிரியே அவளுக்கு எல்லாம் தெரிந்தது.

"அம்மா, நல்ல வேலை நடக்குது போல" என்று சிரித்தான். "வீட்டுத்திட்டமோ?"

"இல்லை."

"வெளிநாட்டில இருந்து ஆராவது அனுப்பினவையோ? எந்த அமைப்பு?"

மேலே ஆணி அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. நிஷாந்தன் முகட்டில் குந்தியபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தான். சுகந்தினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஒரு அமைப்பும் இல்லை. வீட்டு ஆக்கள் போடுறது" என்றாள் ஞானேஸ்வரி.

"வீட்டு ஆக்கள் எண்டா? அம்மா தனியத்தானே இருக்கிறனீங்கள் எண்டு கேள்வி."

"ஆரிட்டக் கேள்விப்பட்டனீங்கள்?"

அவன் வாசலைப் பார்த்தான். "அது ஆர்?"

பக்கத்தில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. நேசமலர் பொட்டில் செருகியிருந்த பனைமட்டையை இழுத்து எறிந்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். ஒருவரும் கூப்பிடவில்லை. வந்து, ஞானேஸ்வரிக்குப் பக்கத்தில், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அது என்ர மருமகள்" என்றாள் ஞானேஸ்வரி. "மேல நிக்கிறது அவளின்ர மனுசன். அவை ரெண்டு பேரும்தான் எனக்குக் கூரை போடுகினம். இதில ஒரு ஒளிப்பு மறைப்பும் இல்லை."

"உங்கட மகன்ர மனுசியோ?"

"ஓம். என்ர மகன்ர மனுசி. என்ர மகனை நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறன். அவனை எங்க வைச்சிருக்கினம் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சா, அதைச் சொல்லுங்கோ. கூரைக் கதை எனக்கே தெரியும்."

அவன் சும்மா விசாரித்ததுதான் என்று சொல்லிவிட்டு மோட்டர்சைக்கிளில் ஏறிப் போனான். ரோட்டு வளைவில் அவன் மறையும் வரைக்கும் நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுகந்தினி பிள்ளையை இறக்கி விட்டு, முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை.

"கையைக் காலை ஆட்டுங்கோ. பின்னேரம் மழை இருக்கு" என்று ஞானேஸ்வரி மேலே பார்த்துச் சத்தம் போட்டாள். பிறகு பக்கத்தில் திரும்பினாள். "மலர்…"

"எனக்கு உங்களோட இன்னும் கோவம்தான் அக்கா" என்றாள் நேசமலர். "அது வேற. வேலை செய்யிற ஆக்களுக்குத் தேத்தண்ணி வைச்சனீங்களோ? சீனி இருக்கோ?"

"சீனி முடிஞ்சுது."

நேசமலர் சீனி எடுக்கத் தன் வீட்டுக்குப் போனாள். மேலே நிஷாந்தன் அடுத்த ஆணியை அடிக்கத் தொடங்கினான்.